சாட்சி முன்னே, தீர்ப்புப் பின்னே

(பள்ளிமுனையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



பெருக்கமரம் நிற்கும் இப் பள்ளிமுனையிலே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு திரைப்படம். அரசியல் மேடையில் படக்கதை எதற்கு என்று சிலர் வினவலாம். கேட்டபின் தீர்ப்புச் சொல்லுங்கள். கேளாமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்பதே நாம் சொல்ல வந்ததும் ஆகும்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானியாவில் குறைந்த செலவிலே குற்றப் படங்கள் பல எடுக்கப்பட்டன. பெரிய படத்துக்குத் துணையாகக் காட்டப்பட்ட சிறிய படங்கள் அவை. மாட மாளிகை இல்லை. படை பரிவாரம் இல்லை. ஓர் அறை, ஒரு பிணம், வினாத் தொடுக்கும் ஒரு துப்பறிவாளர். இவையே அவற்றின் மூலதனம். அவற்றினும் சற்றுப் பெரியதாக, 1950-இல் அந்தோனி அஸ்கித் இயக்கிய 'தி வுமன் இன் குவெஸ்டியன்' வந்தது. கொலையுண்ட பெண்ணொருத்தியை ஐவர் ஐந்து விதமாகச் சித்திரிப்பதே அதன் கதை. அதே ஆண்டில் ஜப்பானில் அகிரா குரோசாவாவின் 'ராஷோமொன்' வெளிவந்தது. அதிலும் ஒரே நிகழ்ச்சி, சொல்வோர் பலர்.

இவ்வழியிலே தமிழில் எழுந்தது 'அந்த நாள்'. 1954-இல் ஏ. வி. மெய்யப்பன் தயாரிக்க, எஸ். பாலசந்தர் இயக்க, ஜாவர் சீதாராமன் எழுத வெளிவந்தது. பாட்டில்லை, கூத்தில்லை, சண்டையில்லை. அக்காலத் தமிழ்ப் படவுலகில் அது பெருந்துணிவு.

கதை யாது? 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசினர். அதையடுத்து, வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். சிவாஜி கணேசன் ஏற்ற வேடம் அது. கொன்றவர் யார்? அயல்வீட்டார் ஒருவரைச் சுட்டுகிறார்; தம்பி இன்னொருவரைச் சுட்டுகிறான்; தம்பி மனைவிக்கு வேறோர் ஐயம்; நடனமாதுக்கு மற்றோர் ஐயம். ஒவ்வொருவர் சொல்லும் நம்பத்தக்கதாகவே இருக்கிறது. ஆயினும் ஒன்றேனும் மெய்யில்லை! இறுதியில் உண்மை வெளியாகிறது. ராஜன் நாட்டின் இரகசியங்களைப் பகைவனுக்கு விற்றவன். வெடித்த துப்பாக்கி, அவன் அன்பு மனைவி உஷாவின் கையில் இருந்தது. பண்டரிபாய் அவ்வேடத்தில் நடித்தார்.

முதற் சாட்சியின் சொல்லோடு காவலர் எழுந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? குற்றமற்ற ஒருவர் தூக்குமேடை ஏறியிருப்பார். உண்மையும் அவரோடு புதைந்திருக்கும்.

தோழர்களே! 'துரோகி' என்ற சொல்லை நம் மண் நன்கறியும். 1975-இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா சுடப்பட்டார். 1989-இல் அ. அமிர்தலிங்கம் கொழும்பில் சுடப்பட்டார். எந்த மன்றம் அவர்களை விசாரித்தது? எந்தச் சாட்சி குறுக்கு விசாரணைக்கு உட்பட்டது? பெயரறியாத எத்தனையோ ஏழைகள், தெருவோரத்துப் பேச்சொன்றே தீர்ப்பாக, மாண்டனர்.

அரசு மட்டும் வேறு வழி நடந்ததா? காவலரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகாது என்பது நாட்டின் பொதுச்சட்டம். 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியாக ஏற்க இடமளித்தது. சாட்சி தேடும் உழைப்பு தேவையற்றதாயிற்று. பூட்டிய அறையின் வாக்குமூலமே போதுமென்றாயிற்று. துப்பாக்கி ஏந்தியவனும் சட்டம் இயற்றியவனும் ஒரே பிழையைச் செய்தனர். கேட்குமுன் தீர்த்தனர்!

ராஜனின் துரோகம் மெய்யே. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அது மெய்யென்று நாம் அறிந்தது எவ்வாறு? எல்லோரையும் கேட்டதனால் அன்றோ? அறியுமுன் தண்டித்தால், துரோகியும் உத்தமனும் ஒரே குழிக்குள் போவர்.

கட்டுக்கரைக் குளத்து வாய்க்காலை இரவில் எவரோ வெட்டிவிட்டால், விடிந்ததும் ஒரு பெயர் ஊரெங்கும் உலவுகிறது. கரையில் ஒருவர் வலை அறுந்து கிடந்தாலும் அப்படியே. அந்தப் பெயரை வாயில் எடுக்குமுன் ஐந்து பேரைக் கேளுங்கள். பழி சுமந்தவனை ஆறாவதாகக் கேளுங்கள். அரசிடம் நீதி கேட்கும் இனம், தன் முற்றத்திலே முதலில் அதை வழங்கிப் பழகட்டும்!