முற்றத்து அடுப்பு

தைப்பொங்கலன்று விடியற்காலையில் யாழ்ப்பாணத்து வீட்டு முற்றங்கள் தனி அழகு பெறுகின்றன. மெழுகிய நிலத்திலே கோலமிட்டு, மூன்று கற்களை வைத்து, அவற்றின்மேற் புதுப்பானையை ஏற்றுகின்றனர். ஆண்டு முழுவதும் எரிவாயு அடுப்பிற் சமைப்போரும் அன்று விறகையே நாடுகின்றனர். நேயர்களே, இம்மூன்று கல் அடுப்பு சடங்குக்கு மட்டும் உரிய பொருளன்று. அறிந்து கையாளவேண்டிய ஒரு கருவியாகும்.

2022 ஆம் ஆண்டு இவ்வுண்மையை நாட்டுக்கு நினைவூட்டியது. அந்நியச் செலாவணி அருகியதனாற் சமையல் எரிவாயு கிடைப்பது அரிதாயிற்று. வெற்று உருளைகளோடு மக்கள் நெடிய வரிசைகளில் நின்றனர். நகரத்தவரும் வீட்டின் புறத்தே கற்களை அடுக்கித் தீ மூட்டினர். ஈரவிறகை அடுப்பில் இட்டவர்க்கோ புகையே மிஞ்சியது.

ஏன் புகைகின்றது? விறகு மூன்று நிலைகளில் எரிகின்றது. முதலில் அதன் ஈரம் ஆவியாகும். அடுத்து, மரத்திலிருந்து வெளிப்படும் வாயுக்கள் சுவாலையாய் எரியும். இறுதியில் எஞ்சிய கரி தணலாய்க் கனலும். முற்றாக எரியாமல் தப்பிச் செல்லும் வாயுக்களும் நுண்துகள்களுமே புகையாகின்றன. ஆகவே, புகை மிகுந்தால் விறகு வீணாகின்றது என்பது பொருள்.

பச்சை மரத்தின் நிறையிற் பாதியளவு நீராக இருத்தல் கூடும். 30 பாகை செல்சியசிலுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கும் அதிகமான வெப்பம், கொதித்த அந்நீரை முற்றாக ஆவியாக்குவதற்கு வேண்டும். பானைக்குச் சேரவேண்டிய வெப்பத்தை ஈரவிறகு தானே உண்டுவிடுகின்றது.

இதனை அனுபவத்தால் அறிந்த கிராமத்தவர் மாரிக்கு முன்னரே விறகைப் பிளந்து உலர்த்தி, மழை படாத கொட்டிலில் அடுக்கி வைப்பர். தீ மூட்டக் காவோலையும் தென்னம்பாளையும், சுவாலைக்குப் பிளந்த விறகு, நின்று கனலும் தணலுக்குச் சிரட்டையும் ஊமலும் என ஒவ்வொன்றுக்கும் அவர்கள் இடம் வகுத்திருந்தனர்.

அடுப்பு மூட்டும் முறையும் எளிதே. கற்களின் வாயைக் காற்று இதமாக வரும் பக்கம் நோக்கி வைத்தல் வேண்டும். காற்று மிகுந்தால் மற்றப் பக்கங்களைத் தகரத்தால் மறைத்தல் நன்று. சாம்பலை வாரி, விறகுகளுக்கு இடையே காற்றோட இடம் விடுதல் வேண்டும். சுவாலை பானையின் அடியைத் தழுவினாற் போதும். பக்கங்களில் ஏறி எரிதல் வீண்செலவே. உலை கொதித்தபின் விறகைப் பின்னே இழுத்துவிடலாம். கொதிக்கும் நீர் எவ்வளவு தீ வைத்தாலும் மேலும் சூடேறாது. ஆதலாற் சோறும் விரைந்து வேகாது. கிடுகு வேலிக்கு அருகே ஒருபோதும் தீ மூட்டலாகாது. அருகில் ஒரு வாளி நீர் இருத்தல் வேண்டும். சமையல் முடிந்ததும் தணலை நீர் தெளித்து அவித்தல் கடமையாகும்.

இவற்றைக் கூறுவது பழமையைப் போற்றுவதற்காக மட்டுமன்று. வீடுகளினுள்ளே எழும் அடுப்புப் புகை முதலியவற்றால் மாசுறும் காற்று, 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேரின் இறப்புக்குக் காரணமாயிற்று என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அப்புகையை மிகுதியாகச் சுவாசிப்போர் பெண்களும் சிறு பிள்ளைகளுமே. திறந்த முற்றத்திலே புகை கலைந்து செல்லும். எனினும் அங்கும் அது தீங்கற்றதன்று. காற்று வரும் பக்கத்தில் நின்று சமைப்பதும், குழந்தையை இடுப்பில் ஏந்தியபடி தீயருகே குனியாதிருப்பதும் சிறந்த காப்பாகும்.

வரும் பொங்கலன்று வீட்டு ஆண்மக்களும் அடுப்பின் அருகே வந்து விறகு தள்ளிப் பார்ப்பார்களாக. அடுப்படியில் நாள்தோறும் புகை உண்பவரின் துன்பத்தை அவர்கள் அறிவர். அறிந்தவர், உலர்ந்த விறகையும் புகைபோக்கியையும் தேடித் தராதிருக்க மாட்டார்.