இறைவனின் ஆட்சி

கிறிஸ்தவ சமயத்தார் நாள்தோறும் ஓதும் மன்றாட்டிலே, இறைவனின் இராச்சியம் வரவேண்டுமென்ற வேண்டுதல் ஒன்று உண்டு. இராச்சியம் என்றதும் மண்ணும் மதிலும் எல்லைக்கல்லுமே நம் நினைவுக்கு வருகின்றன. கல்முனைக் கரையிலே வாழும் எமக்கோ எல்லை வழக்கு நெடுநாட் பழக்கமானது.

ஆனால், இயேசு பெருமான் கருதியது நிலப்பரப்பன்று. புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் 'பசிலேயா' என்னும் சொல், அரசனின் நாட்டை மட்டுமன்றி அவன் ஆளுதலையும் குறிக்கும். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'இறையாட்சி' என மொழிபெயர்த்து இப்பொருளைத் தெளிவாக்கிற்று.

அவ்வாட்சி எவ்வாறு வரும்? கடுகு விதை போல ஓசையின்றி முளைக்கும்; புளித்த மாவைப் போல உள்ளிருந்தே முழுவதையும் பொங்கச் செய்யும் என்பன அவர் கூறிய உவமைகள். அப்பத்துக்கு மாப் புளிக்கவைக்கும் நம் இல்லத்தரசியர் இதனை நன்கறிவர். ஆட்சி தொடங்கிவிட்டது, நிறைவு இனி வரவேண்டியது என்பதே கிறிஸ்தவர் நம்பிக்கை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு என்று வேறுபாடு பாராது பாய்ந்தது. அன்று சோறு சமைத்துப் பகிர்ந்த கைகள் பலவும் ஊரையோ சமயத்தையோ கேட்கவில்லை. நீர் வடிந்தது, எல்லைகள் மீண்டன.

பசித்தவனின் ஊரைக் கேளாத உள்ளமே இறைவன் ஆளும் இடம். துயர நாளில் தானே வந்த அவ்வுள்ளம், அலையற்ற நாளிலும் நிலைக்குமாயின், அம்மன்றாட்டின் பொருள் எச்சமயத்தார்க்கும் விளங்கும்.