எந்த நூல் முதலில்?



பிள்ளைகளுக்கு அறிவியல் பதிவது படித்தாலா, செய்தாலா? செய்தால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் சொன்னார், "ஒலி என்பது அதிர்வு. ஒரே வரி. மனப்பாடம் பண்ணினா போச்சு!" உண்மைதான் ஐயா. பரீட்சை முடிந்ததும் போச்சு! (கைதட்டல்)

ஒரு கிண்ணத்தின் வாயில் பலூனை வெட்டி இழுத்துக் கட்டுங்கள். மேலே நாலு அரிசி போடுங்கள். பக்கத்தில் ஒரு தாம்பாளத்தைத் தட்டுங்கள். யாரும் தொடாமலே அரிசி துள்ளும். "காத்துல ஏதோ வந்து இடிக்குது சார்!" என்று பிள்ளை தானே சொல்லும். அதுதான் பாடம்.

நான் தமிழ் வாத்தியார். உந்தியிலிருந்து எழும் காற்று எப்படி எழுத்தாகிறது என்று தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்கிறார். தன் வாயையும் மூக்கையும் கவனிக்காத மனிதரால் அதை எழுத முடியுமா? "ம்" என்று இழுத்துக்கொண்டே மூக்கைப் பிடியுங்கள். சத்தம் நின்றுபோகும். மெல்லினத்துக்கு மூக்கு வேண்டும் என்பது விரலுக்கே தெரிந்துவிட்டது. நடுவரும் பிடித்துப் பார்க்கிறார்! (சிரிப்பு)

சிரித்தது போதும். ஒரு வருத்தத்தைச் சொல்கிறேன். என் தங்கையின் பேத்திக்கு 8 வயது. கூப்பிட்டால் சில நேரம் திரும்பமாட்டாள். "கவனமே இல்லாத பிள்ளை" என்று நானே திட்டியிருக்கிறேன். பள்ளியில் தீப்பெட்டி டெலிபோன் செய்யச் சொன்னார்கள். இரண்டு தீப்பெட்டி, நடுவே நூல். நூல் விறைப்பாக இருந்தால் அதிர்வு போகும், தொய்ந்தால் போகாது. நான் இந்தக் கோடியில் மெல்லப் பேசினேன். வலது காதில் வைத்தாள், சிரித்தாள். இடது காதில் வைத்தாள். "தாத்தா, இது ரிப்பேர்" என்றாள்.

நூல் விறைப்பாகத்தான் இருந்தது. ரிப்பேர் தீப்பெட்டியில் இல்லை, நடுவர் அவர்களே.

டாக்டரிடம் ஓடினோம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. நல்லவேளை, சிகிச்சையில் சரியாயிற்று. காதின் பாகங்களை வரிசையாக ஒப்பித்த பிள்ளைதான் அவள். ஒப்பித்தபோது யாருக்கும் தெரியவில்லையே! மேடை மேடையாகப் பேசும் எனக்கும் தெரியவில்லையே! கேட்காத பிள்ளையைக் கேளாத பிள்ளை என்று ஏசிவிட்டேன்.

ஆகவே நூல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் இந்த நூலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பிறகு அந்த நூலைக் கொடுங்கள். இரண்டுமே விறைப்பாக நிற்கும்.