தொட்டிக்குள் அடைபட்ட மூச்சு

குறுக்குத்துறைப் படித்துறையில் இறங்கித் தாமிரபரணியில் குடம் முகந்தவர்கள் ஓர் ஒலியை மறந்திருக்க மாட்டார்கள். வாய் குறுகிய குடத்தை நீருக்குள் சாய்த்து அழுத்தியவுடன், 'களக், களக்' என்று ஒரு பேச்சுத் தொடங்கும். நீர் உள்ளே புகுகிறது என்று மட்டுமே நாம் எண்ணுகிறோம். அங்கே நடப்பவையோ இரண்டு பயணங்கள். எவ்வளவு நீர் உள்ளே போகிறதோ, அவ்வளவு காற்று வெளியே வந்தாக வேண்டும். வெறுங்குடத்தை நேராகக் கவிழ்த்து நீரில் அழுத்திப் பாருங்கள்; காற்றுக்கு வழியில்லாததால் நீர் குடத்தின் கழுத்தைத் தாண்டி ஏறுவதற்கு மறுக்கும்.

இளமையில் ஆற்றங்கரையில் அறிந்த இந்த உண்மையை, ஒரு மோட்டார் காரின் பெட்ரோல் தொட்டி எனக்கு மறுபடியும் கற்பித்தது. சித்திரை மாதக் கடைசி. என் மைத்துனரின் காரில் பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். சேரன்மகாதேவியைக் கடந்த பின்னர், சாலையோரத்திலிருந்த ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தினோம். உச்சி வெயில். பணியிலிருந்த பெண்மணி தொட்டியின் மூடியைத் திருகியதும், கோலி சோடாவின் குண்டை அழுத்தியதுபோல 'உஸ்' என்று நீண்டதொரு சீற்றம் கிளம்பிற்று. அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு குழாய் முனையைச் செருகி விசையை அழுத்தினார். இரண்டு லிட்டர்கூடப் போயிராது. 'டக்' என்று விசை தானாக விடுபட்டது. மீண்டும் அழுத்தினார். மீண்டும் 'டக்'.

"அண்ணாச்சி, வண்டி பெட்ரோல் எடுக்க மாட்டேங்கு" என்றார் அவர்.

"அது அப்படித்தாம்மா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடிக்கும். நிறையப் போடு" என்றார் மைத்துனர். நானும் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலுக்காகப் பின்னர் வருந்தினேன். அப்பெண்மணி விசையை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு ஊற்றிப் பார்த்தார். திடீரென்று ஒரு கையளவு பெட்ரோல் தொட்டியின் வாயிலிருந்து பொங்கி, அவருடைய முன்கையிலும் சீருடையிலும் தெறித்தது. நல்ல வேளையாகக் கண்ணில் படவில்லை. அவர் ஓடிப்போய்க் கையைக் கழுவினார். எங்களுக்குப் பின்னால் காத்திருந்த ஒரு பெரியவர், "கத்திரி வெயில்ல டேங்க் நிறையப் போட்டா வெடிச்சிரும்னு செல்போன்ல வந்துச்சே, பார்க்கலியா?" என்று கேட்டார்.

கோடைதோறும் அந்தச் செய்தி ஒரு கைப்பேசியிலிருந்து மறு கைப்பேசிக்குத் தாவிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பெயரிலேயே அது உலவியது. வண்டியைச் செய்தவர்கள் குறித்த அளவு வரை எப்பருவத்திலும் நிரப்பலாம் என்று, 2022ஆம் ஆண்டில் அந்நிறுவனமே மறுப்புக் கூறியது. ஆயினும், பெரியவரை நகைத்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தொட்டிக்குள் அழுத்தம் இருந்தது என்பது பொய்யன்று. எங்கள் காதால் கேட்டோம். அவ்வழுத்தம் எங்கிருந்து வந்தது? அது என்ன செய்யும், என்ன செய்யாது? இவற்றைத்தான் பிரித்தறிய வேண்டும்.

மூடிய தொட்டி ஒன்றில் பாதி பெட்ரோல் இருப்பதாகக் கொள்வோம். மீதிப் பாதியில் இருப்பது வெறும் காற்றன்று. காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவை. காலையில் 27 டிகிரியாக இருந்த தொட்டி நண்பகலில் 42 டிகிரிக்கு ஏறுகிறது. காற்றின் அழுத்தம் இதனால் நூற்றுக்கு ஐந்து பங்குதான் கூடும். வாயு விதிகளைப் படித்த மாணவர்கள் இதைத் தாளில் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆவியின் கதை வேறு. பெட்ரோல் எளிதில் ஆவியாகும் திரவமாகையால், அதே 15 டிகிரி ஏற்றத்தில் அதன் ஆவியழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பெருகும். 'உஸ்' என்று எங்களைச் சீறியது பெரும்பாலும் இந்த ஆவிதான். மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு மலையேறும் வண்டிக்கு இன்னொரு காரணமும் சேரும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், உள்ளிருக்கும் அழுத்தம் அந்த அளவுக்கு ஓங்கி நிற்கும்.

அப்படியானால் வெடிக்காதா? வெடிக்காது, காரணம் வியப்பானது. பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை கலந்திருந்தால்தான் தீப்பற்றும். தொட்டிக்குள் இருக்கும் கலவையிலோ வெயில் காலத்தில் ஆவி மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே இருக்கும். எரிவதற்குப் போதிய காற்று அங்கே இல்லை. மேலும், தீப்பொறி இல்லாமல் வெப்பத்தினால் மட்டும் பெட்ரோல் பற்றிக்கொள்ள 250 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். நம் ஊர்க் கத்திரி வெயில் எத்துணைக் கொடியதானாலும் அந்த எல்லையின் அருகில்கூட வராது.

ஆபத்துத் தொட்டிக்குள் இல்லை. தொட்டியின் வாய்க்கு வெளியேதான் இருக்கிறது. பொங்கிச் சிந்திய பெட்ரோல் நல்ல காற்றோடு கலக்கும்போதுதான், அந்த 1.4க்கும் 7.6க்கும் இடைப்பட்ட கலவை உருவாகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகவே அது மேலே போய்க் கலைந்துவிடாமல், வாய்க்கால் நீர்போலத் தரையோடு தவழ்ந்து பள்ளத்தை நாடும். எங்கோ தள்ளி நிற்கும் ஒருவருடைய பீடி நெருப்பைத் தேடிச் செல்வதற்கும் அதனால் இயலும். பத்திரமான தொட்டியை நினைத்து அஞ்சிய நாங்கள், பெட்ரோல் தெறித்த சீருடையை நினைத்து அஞ்சவில்லை!

மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம். அவர் வண்டியை உயரத் தூக்கி நிறுத்தி, அதன் அடிவயிற்றைக் காட்டி விளக்கினார். தொட்டி மூச்சு விட இரண்டு வழிகள் உண்டு. ஊற்றும் குழாயை ஒட்டியே ஓடும் ரப்பர்க் குழாய் ஒன்று. பெட்ரோல் உள்ளே போகும்போது காற்றும் ஆவியும் அதன் வழியாகத் தொட்டியின் வாய்க்குத் திரும்பி வரும். குடத்தின் 'களக், களக்' இங்கே அமைதியாக நடக்கிறது. மற்றது, அன்றாட வெப்பதட்பத்துக்கான மெல்லிய வழி. அது நுண்துளைக் கரி நிரப்பிய ஒரு சிமிழுக்குப் போகிறது. தண்ணீரைத் தூய்மை செய்யும் தேங்காய்ச் சிரட்டைக் கரியை அறிவீர்கள். அதே இனத்துக் கரிதான். ஒரு கிராம் கரிக்குள் மறைந்திருக்கும் பரப்பு ஏறக்குறைய ஆயிரம் சதுர மீட்டர்! ஆவி அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ள, தூய காற்று மட்டும் வெளியேறும். வண்டி ஓடும்போது எஞ்சின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நாடெங்கும் நடைமுறையிலுள்ள பாரத் ஆறாம் நிலை விதிகள், புகைபோக்கிக்கு மட்டுமன்றி இப்படிக் கசியும் ஆவிக்கும் வரம்பு கட்டியிருக்கின்றன.

எங்கள் வண்டியில் இரண்டு வழிகளும் அடைபட்டிருந்தன. முந்தைய ஆண்டு பின்பக்கத்தில் பட்ட ஓர் இடியைச் சரிசெய்தபோது, ரப்பர்க் குழாய் மடங்கிப்போயிருக்கிறது. அன்று முதல் வண்டி 'கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தது'. மைத்துனர் அதை வண்டியின் குணம் என்று எண்ணிவிட்டார். கரிச் சிமிழின் காற்றுத் துளையிலோ ஒரு குளவி கூடு கட்டியிருந்தது. வயற்சேற்றைக் குழைத்துக் கட்டிய உறுதியான கூடு. திருப்புளியால் குத்தித்தான் எடுக்க முடிந்தது.

இது நம் வட்டாரத்துக் குளவியின் குறும்பு மட்டுமன்று. வட அமெரிக்காவில் மாஸ்டா நிறுவனம் 2011ஆம் ஆண்டில் ஏறக்குறைய 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. மஞ்சள் நிறச் சிலந்தி ஒன்று, பெட்ரோலின் மணத்தால் ஈர்க்கப்பட்டு, இதே காற்றுக் குழாயில் வலை பின்னியதே காரணம். 2014இல் மேலும் 42,000 கார்களை அழைக்க நேர்ந்தது. அங்கே நடந்தது நம் கதைக்கு நேர்மாறு: காற்று உள்ளே நுழைய வழியின்றித் தொட்டிக்குள் அழுத்தம் குறைந்து, தொட்டி விரிசல் காணுமோ என்று அஞ்சினார்கள்.

குழாய் முனையின் 'டக்' ஒலியைப் பற்றியும் கூற வேண்டும். அதில் மின்சாரம் இல்லை, மூளையும் இல்லை. முனையருகே ஒரு சிறு துளை இருக்கிறது. பாயும் பெட்ரோலின் வேகம் அதன் வழியே காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பெட்ரோலோ நுரையோ துளையை மூடிவிட்டால், உறிஞ்சும் விசை ஒரு மெல்லிய சவ்வை இழுக்க, சவ்வு கைப்பிடியை விடுவிக்கும். தொட்டி நிறைந்ததா, தொட்டியின் கழுத்து மட்டும் நிறைந்ததா என்று பிரித்துச் சொல்ல அதனால் ஆகாது. ஆயினும், எக்காரணத்தாலும் அது 'போதும்' என்ற பின்னர் ஊற்றுவது பிழை. எஞ்சிய வெற்றிடத்தை வண்டி செய்தவர்கள் வீணுக்காக விட்டுவைக்கவில்லை. 40 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடானால் அரை லிட்டருக்கும் மேல் பெருகும். அதற்கு இடம் வேண்டும். இடமில்லாதபோது ஆவி போகவேண்டிய வழியில் பெட்ரோலே புகுந்து, கரியை நனைத்துப் பாழாக்கும். அதுவன்றி, ஊற்றும்போது மேலெழும் ஆவியை முதலில் சுவாசிப்பவர் குழாயைப் பிடித்திருப்பவரே. புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனும் அந்த ஆவியில் இருக்கிறது. நமக்கு மாதம் இரண்டு மூன்று முறை வரும் அந்த மணம், அவருக்கு நாள் முழுவதும்.

பழுது நீங்கிய சில வாரங்களுக்குப் பின் அதே நிலையத்துக்குப் போனோம். அப்பெண்மணி எங்கள் வண்டியை அடையாளம் கண்டுகொண்டார்; ஒரு காலடி தள்ளி நின்று, கையை நீட்டியே மூடியைத் திருகினார். சீற்றம் எழவில்லை. 28 லிட்டர் தடங்கலின்றி இறங்கிய பிறகு, ஒரே ஒருமுறை 'டக்' என்றது. மைத்துனர் பழக்க வாசனையால் "இன்னும் கொஞ்சம்" என்று வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மாள் மூடியை இறுகத் திருகி முடித்திருந்தார்.