மின்னணுப் பழுதுபார்ப்புக் கருவிகள்: செலவா, முதலீடா?

(மின்னணுப் பழுதுபார்ப்புப் பயிற்சி முடித்த இளைஞர்களும் தொழில் வளர்ச்சி அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பொருளியல் படித்தவன் மின்னணுச் சுற்றுப் பலகைகளைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். நான் செய்த தவறு ஒன்றே இதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், சிறுதொழில் கடன் விண்ணப்பங்களை ஆராயும் குழுவொன்றில் நான் உறுப்பினராக இருந்தேன். பழுதுபார்க்கும் கடை வைக்க விரும்பிய இளைஞர் ஒருவர் கருவிப் பட்டியல் கொடுத்திருந்தார். நிலைமின்சாரத்தைத் தடுக்கும் மணிக்கட்டுப் பட்டை, பலகையை அடியிலிருந்து சூடேற்றும் சாதனம், புகை உறிஞ்சி ஆகிய மூன்றையும் 'அவசியமற்றவை' எனக் குறிப்பெழுதி நீக்கினோம். ஓராண்டு கழித்து அவரைச் சந்தித்தேன். வாடிக்கையாளர்களின் பலகைகள் சில தம் கையில் கெட்டுப்போக, அவற்றுக்கு ஈடு கொடுத்தே வருவாய் கரைந்ததென்றார். நாங்கள் மிச்சப்படுத்திய தொகை, அவர் இழந்ததில் ஒரு சிறு பகுதியே.

நாங்கள் நீக்கியவற்றின் பயனைப் பின்னரே கேட்டறிந்தேன். வெள்ளீயமும் ஈயமும் 63க்கு 37 என்ற விகிதத்தில் கலந்த பழைய சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயத்தின் நச்சுத்தன்மை கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் அதற்குக் கடும் வரம்பு விதித்தது. நம் நாட்டு மின்னணுக் கழிவு விதிகளிலும் அத்தகைய வரம்பு உண்டு. இன்று பரவலாக வழங்கும் ஈயமற்ற சால்டர் உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். பல அடுக்குப் பலகைகளிலோ உள்ளிருக்கும் செப்புத் தகடு வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. வெப்பக் கட்டுப்பாடற்ற மலிவான சால்டரிங் அயர்னை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால், மெல்லிய செப்புப் பூச்சு பலகையினின்று பெயர்ந்துவிடும். அடியிலிருந்து முன்கூட்டியே சூடேற்றினால் இவ்விபத்து பெரிதும் குறையும்.

நிலைமின்சாரம் கண்ணுக்குத் தெரியாத பகை. ஏறத்தாழ 3,000 வோல்ட் வரை அதை நம் உடல் உணர்வதில்லை. நுண்சில்லுகள் சிலவற்றை 100 வோல்ட்டுக்கும் குறைவான பாய்ச்சலே கெடுத்துவிடும். வட இந்தியாவின் வறண்ட குளிர்காலத்தில் இத்தொல்லை மிகுதி. புகை உறிஞ்சியும் ஆடம்பரமன்று. சால்டருடன் சேர்க்கும் பிளக்ஸிலுள்ள பிசினின் புகை ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். ஈயமோ பெரும்பாலும் கைவழியே வாய்க்குச் செல்வதால், உணவுக்கு முன் கை கழுவுதல் இன்றியமையாதது.

தொடக்கத்தில் வேண்டியவை இவை: மல்டிமீட்டர், வெப்பக் கட்டுப்பாடுள்ள சால்டரிங் அயர்ன், உருகிய சால்டரை அகற்றும் உறிஞ்சியும் செப்புப் பின்னலும், பிளக்ஸ், நுண் இடுக்கி, உருப்பெருக்கி, துப்புரவுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்; இவற்றோடு நான் குறிப்பிட்ட மூன்றும். அடுத்த கட்டத்தில் வெப்பக் காற்றுக் கருவி. சால்டர் உருண்டைகள் அடிப்புறத்தே அமைந்த சில்லுகளை அயர்ன் முனை எட்டாது. அவற்றை மாற்றும் விலையுயர்ந்த இயந்திரத்தைத் தனிக் கடை ஒவ்வொன்றும் வாங்க வேண்டியதில்லை. பல கடைகள் பகிரும் பொது வசதி மையத்தில் நிறுவலாம்.

2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் 'சிசு' பிரிவில் ரூ. 50,000 வரை கடன் கிடைக்கிறது. தொடக்கநிலைக் கருவிகள் அத்தொகைக்குள் அடங்கும். பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஆராய 2022 ஜூலையில் மைய அரசின் நுகர்வோர் நலத்துறை ஒரு குழு அமைத்தது. உரிமையைச் சட்டம் தரலாம். அதைச் செயலாக்குவது கருவியும் கையுமே. சில ரூபாய் விலையுள்ள மின்தேக்கி ஒன்று கெட்டதற்காக முழுப் பலகையையும் குப்பையில் எறிவது, செம்பும் பொன்னும் அதில் அடங்கிய உழைப்பும் வீணாவதாகும்.

அலுவலர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கருவிப் பட்டியலில் ஒரு வரியை நீக்குமுன், அது எதற்கென்று விண்ணப்பித்தவரையே கேளுங்கள். அன்று நாங்கள் கேட்கவில்லை.