தெற்கே ஒரு கட்டை, கிழக்கே ஒரு கட்டை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேசக் கேட்டபோது "வைத்தியத் துறையில் பெண்கள்" என்று தலைப்பும் தந்தார்கள். அதைப் பேச எங்களைவிடத் தகுதியான அக்காமார் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அதனால் சங்கத்தாரின் அனுமதியோடு தலைப்பை மாற்றிக்கொண்டோம். 1996இல் சாதாரண தரம் எழுதவேண்டியிருந்த வகுப்பின் சார்பில், எங்களிடையே நெடுநாள் முடியாமல் கிடக்கும் ஒரு கணக்கைப் பற்றிப் பேசுகிறோம்.

1995ஆம் ஆண்டு மூன்றாம் தவணை. நாங்கள் பத்தாம் வகுப்பு. மின்சாரம் இல்லை, கொப்பிக்குத் தட்டுப்பாடு, வெண்கட்டியைக்கூட உடைத்து உடைத்துத்தான் பாவித்தார்கள். ஒரு நாள் பாடம் வேளைக்கு முடிந்துவிட, புவியியல் ரீச்சர் ஒரு விடுகதை போட்டார். வேட்டைக்காரன் ஒருவன் தன் கூடாரத்திலிருந்து தெற்கே ஒரு மைல் நடக்கிறான். பிறகு கிழக்கே ஒரு மைல். அங்கே ஒரு கரடியைச் சுடுகிறான். பிறகு வடக்கே ஒரு மைல் நடக்கிறான், பார்த்தால் கூடாரம். கரடியின் நிறம் என்ன?

இங்கே பலருக்கு விடை தெரியும், வெள்ளை. கூடாரம் வடமுனையில். அங்கே நிற்பவருக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்குத்தான். ஒரு மைல் இறங்கிவிட்டுக் கிழக்கே நடப்பது என்றால், முனையை விட்டு எப்போதும் ஒரு மைல் தள்ளியே நின்று அதைச் சுற்றி வருவது. எந்த இடத்தில் நின்று வடக்கே திரும்பினாலும் ஒரு மைலில் முனை. நடந்த பாதை கேக் துண்டு போல இருக்கும். எங்கள் வகுப்பில் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் "வெள்ளை" என்று கத்தினோம். கைதட்டல் வேறு.

(இதே நடையை யாழ்ப்பாணத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று பிற்காலத்தில் கணக்குப் போட்டோம். கடல்நீரேரிக்குள் இறங்காமல் நடக்கக்கூடிய ஓர் இடத்தைப் பிடித்தால், புறப்பட்ட இடத்துக்கு ஏறத்தாழ ஒரு கட்டை கிழக்கே வந்து நிற்போம். சரியாக ஒரு கட்டை அல்ல, சுமார் 7 சென்ரிமீற்றர் குறைவு. பூமி உருண்டை என்பதற்கு எங்கள் ஊரில் நான்கு விரல் அகலத்தில் சாட்சி இருக்கிறது.)

கைதட்டி ஓய்ந்தபோது, கடைசி வாங்கில் யன்னலோரம் இருந்தவள் எழும்பினாள். அதிகம் கதைக்காத பிள்ளை.

"ரீச்சர், தென்முனைப் பக்கமும் ஒரு இடம் இருக்கெல்லோ?"

"தென்முனையிலை கரடி இல்லைப் பிள்ளை. இரும்."

நாங்கள் சிரித்தோம். அவள் இருக்கவில்லை. கொப்பியைத் தூக்கிக் காட்டினாள். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிக் கவராயத்தால் கீறிய சின்ன வட்டம். "இந்த வட்டத்தைச் சுத்தினால் கிழக்காலை போற நடை அதே இடத்திலை முடியும் ரீச்சர்..." என்று தொடங்கினாள். மணி அடித்துவிட்டது. மேசையில் இருந்த பூகோள உருண்டையைத் திருப்பிப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றும் தெரிந்திராது. அந்த உருண்டையின் தென்முனையைத் தாங்கியின் இரும்பு மூடியிருந்தது.

சில வாரங்களில், ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமமே எழும்பி நடந்தது. அதைப் பற்றி இந்த மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வகுப்புத் தென்மராட்சி, வன்னி, கொழும்பு என்று பிரிந்தது. அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பிறகு சிலர் திரும்பி வந்தோம். அவள் வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து எங்களில் ஒருத்தி கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய புதிர்ப் புத்தகம் ஒன்றை வாங்கினாள். சயன்டிஃபிக் அமெரிக்கன் சஞ்சிகையில் அவர் 1957இல் இந்தப் புதிரை எழுதியிருக்கிறார். வடமுனை எல்லோருக்கும் தெரிந்த விடை, இன்னொன்று உண்டா என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. விடையாக அவள் கீறிய அதே வட்டம்.

விளக்கமாகச் சொல்கிறோம். தென்முனையை நெருங்க நெருங்க அகலக்கோட்டு வட்டங்கள் சிறுத்துக்கொண்டே போகும். அவற்றில் ஒன்றின் பரிதி சரியாக ஒரு மைல். ஒரு மைலை 2 பையால் வகுத்தால் ஆரை வரும், 256 மீற்றர். அந்த வட்டத்துக்கு ஒரு மைல் வடக்கே, அதாவது முனையிலிருந்து 1,865 மீற்றரில் நின்று புறப்படுங்கள். தெற்கே ஒரு மைல் நடந்தால் வட்டத்தைத் தொடுவீர்கள். கிழக்கே ஒரு மைல் என்றால் வட்டத்தை ஒரு முறை முழுதாகச் சுற்றித் தொட்ட இடத்துக்கே வருவீர்கள். பிறகு வடக்கே, போன வழியாலேயே திரும்பலாம். முனையைச் சுற்றி அந்தத் தூரத்தில் எங்கே நின்று புறப்பட்டாலும் இது சரிவரும்.

அதோடும் முடியவில்லை. ஆரை 128 மீற்றராக இருந்தால் வட்டத்தை இரண்டு தரம் சுற்றுவோம். 85 மீற்றர் என்றால் மூன்று தரம். நூறு தரம் சுற்றவேண்டுமானால் ஆரை இரண்டரை மீற்றர், சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஓடுவது போலத்தான். இப்படி முடிவில்லாமல் வளையங்கள், எல்லாம் முனையிலிருந்து ஒரு மைலுக்கும் 1.16 மைலுக்கும் இடையிலான ஓர் ஒடுங்கிய பட்டைக்குள். நாங்கள் கைதட்டி வாங்கிய விடை ஒரேயொரு புள்ளி. அவள் கையில் இருந்தவை எண்ணி முடியாதவை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வடமுனையில் நிலமே இல்லை. சமுத்திரம், ஆழம் 4,000 மீற்றருக்கு மேல், அதன்மேல் மிதந்து நகரும் பனிக்கட்டி. வேட்டைக்காரன் மூன்று மைல் நடந்து வருவதற்குள் கூடாரமே பனியோடு அசைந்து போயிருக்கும். தென்முனை அப்படியல்ல. சுமார் 2,700 மீற்றர் தடித்த பனி, அதன்கீழே கண்டம். அமுண்ட்சன் 1911 டிசெம்பர் 14இல் போய் நின்ற இடம். இன்று அமெரிக்கரின் ஆய்வு நிலையம் இருக்கிறது. அந்தப் பனியும் ஆண்டுக்கு 10 மீற்றர் அளவில் வழுக்குவதால், ஒவ்வொரு ஜனவரி 1ஆம் திகதியும் முனையின் அடையாளக் கம்பத்தைப் புதிதாக நடுகிறார்கள். ஆனாலும் கம்பளி உடுப்போடு உண்மையாகவே நடந்து பார்க்கக்கூடியது அவளுடைய விடைதான். கரடி இல்லாதது நடப்பவருக்கு நல்லது.

வைத்தியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இறங்கினால் சங்கத்தார் கோபிப்பார்கள்.

உள்ளகப் பயிற்சிக் காலத்தில் ஒரு இரவு, மாமரத்தால் விழுந்த எட்டு வயதுப் பையனைக் கொண்டுவந்தார்கள். முன்கை வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் அரந்தி எலும்பு முறிந்திருந்தது பளிச்சென்று தெரிந்தது. பிளாஸ்டர் போடும்போது தாய் சொன்னார், "டொக்டர், முழங்கையும் நோகுது எண்டுறான்." நாங்கள் சொன்னோம், "முறிஞ்சிருக்குத்தானே அம்மா, நோகும்தான்."

நான்கு வாரத்தில் பிளாஸ்டரை வெட்டியபோது முழங்கை மடங்கவில்லை. அரந்தி முறிந்தபோதே பக்கத்து எலும்பான ஆரையின் தலை முழங்கை மூட்டிலிருந்து விலகியிருந்தது. மிலான் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் மொன்ரேஜியா 1814இல் விவரித்த காயம் அது, எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 81 ஆண்டுகள் முன்னர். பரீட்சையில் கேட்டிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்போம். எக்ஸ்ரேயில் ஆரையின் நடுவால் ஒரு கோடு கீறினால் அது மேற்கை எலும்பின் கீழ் நுனியில் உள்ள உருண்டைப் பகுதியைத் தொடவேண்டும். தொடாவிட்டால் விலகல். அடிமட்டம் இருந்தால் அரை நிமிட வேலை. முறிவைக் கண்டதும் எங்கள் கண் தேடுவதை விட்டுவிட்டது. பையனுக்குப் பெரிய ஒப்பரேஷன் செய்யவேண்டி வந்தது. கை பாவிக்கலாம், ஆனால் முழுதாக மடிக்க இயலாது. தாய் எங்களை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

வட்டத்துக்கும் ஆரை, கைக்கும் ஆரை. அன்று விடுதியில் இருந்து அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தபோது கடைசி வாங்குக்காரிதான் நினைவுக்கு வந்தாள். அதற்குப் பிறகு, முறிவொன்றைக் கண்டால் அடிமட்டத்தை எடுத்துவிட்டுத்தான் பிளாஸ்டரை எடுப்பது. எங்கள் கீழ் வரும் இளம் வைத்தியர்களுக்கு இது அலுப்பு. "ஒரு முறிவு இருக்குத்தானே டொக்டர்" என்பார்கள். அப்போது கரடிக் கதையைச் சொல்வோம். இப்போது அவர்கள் எங்களைக் கண்டதும் "வெள்ளை" என்று பகிடி பண்ணுகிறார்கள்.

ரீச்சர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். காலையில் அவரிடம் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினோம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, இரண்டு தரம் பார்த்தார். "கரடி இல்லையெண்டது சரிதானே" என்று சிரித்தார். பிறகு கேட்டார், "அந்தப் பிள்ளை இப்ப எங்கை?"

எங்களுக்குத் தெரியாது. வன்னியில் கண்டதாக ஒருவர் சொன்னார், கனடா என்று இன்னொருவர். இந்த மலர் லண்டன், ரொறன்ரோ, சிட்னி என்று போகும், கைமாறி இன்னும் எங்கெங்கோ போகும். கடைசி வாங்கில் யன்னலோரம் இருந்தவள் வாசித்தால், உனக்குத்தான் இது: நீ கீறின வட்டம் சரி. ஆரை 256 மீற்றர். நாங்கள் சிரித்தது பிழை. எங்கள் வகுப்பின் விலாசம் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது, ரீச்சரின் விலாசமும்.