காற்றாலை இறக்கையும் வகுப்பறைச் சோதனையும்

(கிராமப்புற அறிவியல் ஆசிரியர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் கயத்தாற்றுச் சமவெளியிலும் வாழும் சிறுவர்கள் நாள்தோறும் காற்றாலைகளைக் கண்டு வளர்கிறார்கள். 1986-ஆம் ஆண்டில் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கிய இப்பணி இன்று பெருந்தொழிலாக விளங்குகிறது. ஆயினும், "காற்றாலைக்கு மூன்றே இறக்கைகள் இருப்பது ஏன்?" என்று கேட்டால் எத்தனை மாணவர்கள் விடை கூறுவர்? கண்ணெதிரே நிற்கும் இயந்திரத்தின் காரணத்தை அறியாதவன் அதனை வேடிக்கை பார்ப்பவனாகவே நிற்பான். செப்பனிடுபவனாகவோ, திருத்தி அமைப்பவனாகவோ ஆக இயலாது. ஆகவே, அவ்விடையை மாணவர் தாமே கண்டறிய உதவும் ஓர் எளிய சோதனையை இன்று ஆராய்வோம்.

வேண்டிய பொருள்கள் மிகச் சிலவே: மேஜை விசிறி, பொம்மைகளில் வரும் சிறு மோட்டார், தக்கை, மூங்கிற் குச்சிகள், கெட்டி அட்டை, கோணமானி, சிறு மின்தடை, மல்டிமீட்டர். மோட்டாரின் அச்சில் தக்கையைச் செருகினால் அது வண்டிச் சக்கரத்தின் குடம் போல் அமையும். அட்டை இறக்கைகளைக் குச்சிகளில் ஒட்டி, ஆரக்கால்களைப் போல் அக்குடத்தில் உறுதியாகப் பொருத்த வேண்டும். மின்சாரத்தால் சுழலும் மோட்டாரைக் காற்று சுழற்றும்பொழுது, அதுவே மின்சாரம் தரும் டைனமோவாகிறது. சுழலும் இறக்கைகளுக்கு நேரே எவரும் முகத்தை நீட்டலாகாது.

அளக்கும் முறையில் கவனம் தேவை. மின்தடையை இணைக்காமல் வோல்ட் அளவை மட்டும் பார்த்தால் வேகம் தெரியுமேயன்றி வேலை தெரியாது. சுமை ஏற்றாத வண்டியின் ஓட்டத்தைக் கண்டு மாட்டின் வலிமையை மதிப்பிடலாமா? மின்தடையை இணைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள வோல்ட் அளவை அதே அளவால் பெருக்கி, ஓம் அளவால் வகுத்தால் வாட் கிடைக்கும். அதுவே இறக்கையின் தகுதியைக் காட்டும்.

இச்சோதனையின் உயிர்நாடி, ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுதல். விசிறியின் வேகமும் தூரமும் மாறாதிருக்க வேண்டும். இரண்டு புதிய உரங்களை ஒரே வயலில் ஒருங்கே இட்டுவிட்டு, விளைச்சலைப் பெருக்கியது எது என்று கேட்பதில் பயனில்லை அல்லவா?

முதலில் கோணத்தை மாற்றுவோம். இறக்கையின் முகம் முழுவதும் காற்றை நோக்கியிருந்தால், காற்றுக்கு நேரே பிடித்த முறத்தைப் போல் அது பின்னோக்கித் தள்ளப்படுமேயன்றிச் சுழலாது. அதன் விளிம்பு மட்டும் காற்றை நோக்கியிருந்தாலும் சுழலாது. நல்ல கோணம் இவ்விரண்டிற்கும் இடையில் உள்ளது. நின்ற நிலையிலிருந்து புறப்படச் சற்றுப் பெரிய சாய்வு உதவும். விரைந்து சுழலும்பொழுது சிறிய சாய்வே நற்பயன் தரும். காற்றில்லாத நாளிலும் சைக்கிளில் விரைபவர் முகத்தில் காற்று மோதுவதுபோல், விரையும் இறக்கைக்கும் காற்று எதிர்ப்புறத்திலிருந்து வருவதாகிவிடுவதே காரணம்.

இறக்கையை முறுக்கி அமைப்பதன் காரணமும் இதிலேயே அடங்கும். போரடிக்கும் களத்தில் பிணைத்த மாடுகளுள் உள்மாடு மெல்ல நடக்க, ஓரத்து மாடு விரைந்து நடந்தது. அவ்வாறே இறக்கையின் நுனி, அடியைவிட விரைவாகச் செல்கிறது. ஆதலால் அடியில் மிகுந்தும் நுனியில் குறைந்தும் சாய்வு அமைதல் நன்று.

அடுத்தது எண்ணிக்கை. இறக்கைகள் மிகுந்தால் பலன் மிகும் என்று மாணவர் கருதுவர். பல அகன்ற இறக்கைகள் மெதுவாயினும் வலுவாகச் சுழலும்; கிணற்று நீரை இறைக்க அவை ஏற்றவை. மின்சாரத்திற்கோ வேகம் தேவை. அதற்குச் சில மெல்லிய இறக்கைகள் சிறந்தவை. எந்த இறக்கை சிறந்தது என்று கேட்குமுன், எந்த வேலைக்கு என்று கேட்க வேண்டும். பாய்ப் பரப்பை அளவு மீறிக் கூட்டினால் பயனில்லை என்பதை இங்கிலாந்தின் ஜான் ஸ்மீட்டன் சிறு மாதிரிகளைக் கொண்டே கண்டு, 1759-இல் வெளியிட்டார்.

நீளத்திலும் ஒரு கணக்கு உண்டு. இறக்கையின் நீளம் இருமடங்கானால் அது வீசும் வட்டப் பரப்பு நான்கு மடங்காகும். எனினும், காற்றின் ஆற்றலில் 27-இல் 16 பங்கிற்கு மேல் எந்த இறக்கையும் பெற இயலாது. காற்று முற்றிலும் நின்றுவிட்டால் பின்வரும் காற்றுக்கு வழியேது?

இவை விளையாட்டுச் சோதனைகள் என எண்ணற்க. டென்மார்க்கில் அஸ்கோவ் என்னும் சிற்றூரின் மக்கள் கல்லூரியில் ஆசிரியராயிருந்த பவுல் லா கூர், 1891-இல் மின்சாரம் தரும் காற்றாலையை நிறுவினார். பின்னர்க் காற்றுக் குழாயில் மாதிரி இறக்கைகளைச் சோதித்து, விரைந்து சுழலும் சில இறக்கைகளே மேல் என்று கண்டார். கிராம இளைஞருக்குக் காற்று மின்சாரப் பயிற்சியும் அளித்தார். அவரிடம் பயின்ற யோஹன்னஸ் யூல், 1957-இல் கெட்சர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் திறனுள்ள மூன்று இறக்கைக் காற்றாலையை எழுப்பினார். இன்று உலகெங்கும் சுழலும் காற்றாலைகள் பலவும் அவ்வழியில் வந்தவையே.

ஒரு கிராமத்து ஆசிரியரின் சோதனைக்கூடம் இத்தகைய பயனைத் தந்தது என்றால், நம் ஊர்ப் பள்ளிகளும் தயங்க வேண்டியதில்லை. ஆசிரியர்கள் விடையை முன்கூட்டிச் சொல்லாதிருப்பார்களாக. மாணவர் தம் ஊகத்தை முதலில் எழுதட்டும், பின்னர் அளக்கட்டும், ஊகம் பொய்த்தால் காரணத்தைத் தேடட்டும். ஊராட்சி மன்றங்கள் ஒரு விசிறியும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கி உதவினால், அப்பள்ளியிலிருந்து காற்றாலையைப் புரிந்துகொண்டு பணியாற்றும் இளைஞர்கள் உருவாவார்கள்.